அரைப் பக்கக் கணக்கு: ஸ்லைப்னர்-ஏ மூழ்கிய கதை

1991 ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரை ஒட்டிய காண்ட்ஸ்ஃபியோர்டில் ஸ்லைப்னர்-ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் பிரம்மாண்டமான காங்கிரீட் அடித்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றேதான். அதை ஆழமாக அமுக்கி வைத்தால்தான், மிதவைகளில் வரும் மேல்தளத்தை அதன் தலைக்கு மேலாக நகர்த்தி உட்கார வைக்க முடியும். அதற்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து இடி உருளுவது போல ஒரு சத்தம். தண்ணீர் புகுந்தது. பம்புகள் இறைத்ததைவிடப் புகுந்தது அதிகம். இருபது நிமிடத்துக்குள் அத்தனையும் நீருக்குள் போய்விட்டது.

கீழே போகப் போக நீரழுத்தம் ஏறி, காற்று நிறைந்த அறைகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. அது அடித்தரையில் போய் விழுந்த அதிர்வை நிலநடுக்கமானிகள் ரிக்டர் அளவில் 3.0 என்று பதிவு செய்தன. 220 மீட்டர் ஆழத்தில் மிஞ்சியது இடிபாட்டுக் குவியல் மட்டும். மேலே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் உயிர் தப்பினார்கள். பொருள் இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

புயல் இல்லை, எந்தக் கப்பலும் மோதவில்லை. கட்டமைப்பு தன் வேலையைத் தொடங்கக்கூட இல்லை. கணினி மாடலில் பிறந்த ஒரு தவறான எண், வரைபடத்தில் ஏறி, கம்பியாகவும் காங்கிரீட்டாகவும் மாறி, கடலுக்கு வந்து சேர்ந்திருந்தது. சிமுலேஷன் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழைய கதைதான். ஆனால் பயிற்சி வகுப்புகளில் "மெஷ் சரியில்லை, அதனால் மூழ்கியது" என்று ஒரே வரியில் சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். மெஷ் என்பது, கணக்குப் போடுவதற்காகக் கட்டமைப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை. அந்த ஒரு வரி பாதி உண்மை.

என்ன கட்டினார்கள்

ஸ்லைப்னர்-ஏ வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய எரிவாயு மேடை. களத்தை நடத்தியது ஸ்டாட்டாயில் நிறுவனம், காங்கிரீட் அடித்தளத்தைக் கட்டியது நார்வீஜியன் கான்ட்ராக்டர்ஸ். காண்டீப் என்று அழைக்கப்படும் வகை அது. எழுபதுகளின் நடுவிலிருந்தே இந்த வகை மேடைகள் வட கடலின் அலைகளைத் தாங்கி நின்றுகொண்டிருந்தன. ஆகவே இது யாருக்கும் புதுச் சோதனை அல்ல.

அடித்தளம் உருளை வடிவ அறைகளின் கூட்டம். மொத்தம் 24 அறைகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டவை. அவற்றில் நான்கு மட்டும் உயரமாக வளர்ந்து தூண்களாகி மேல்தளத்தைத் தாங்கும். அடிப்பரப்பு 16,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு ஏக்கர். மேலே உட்கார வேண்டிய தளத்தின் எடை 57,000 டன்.

ஏன் வட்டம்? உறைக்கிணறு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் மண் தள்ளினாலும் உறை நிற்கிறது. வட்டமான சுவரில் வெளியழுத்தம் முழுக்க நெருக்கு விசையாக மாறி வளையத்தைச் சுற்றி ஓடிவிடும். நெருக்கினால் காங்கிரீட்டுக்குக் கொண்டாட்டம். இழுத்தாலோ வெட்டினாலோதான் திண்டாட்டம். ஆக, தனியாக நிற்கும் ஓர் உருளை பிரமாதமான வடிவம். பல உருளைகளை ஒட்டி வைக்கும்போது வேறொரு பிரச்சினை முளைக்கிறது.

மூன்று டம்ளர்களை ஒன்றையொன்று தொடும்படி மேசையில் வையுங்கள். நடுவில் முக்கோணம் போல ஒரு சந்து வரும். காண்டீப் மொழியில் அதன் பெயர் டிரைசெல். இந்தச் சந்துகள் மேலே திறந்தவை; கடல்நீர் நேராக உள்ளே இறங்கி நிற்கும். பக்கத்து அறைகளிலோ நீர்மட்டம் மிகக் கீழே. ஆகவே சந்துக்குள் நிற்கும் நீர் தன் மூன்று சுவர்களையும் அறைகளை நோக்கித் தள்ளும். இங்கே சுவர் நீளம் குறைவு என்பதால் வளைவு பெயருக்குத்தான். ஏறத்தாழ நேரான பலகை மாதிரி. உருளைகள் ஒட்டியிருக்கும் இடங்களில் சந்து நீரின் அழுத்தம் கிடையாது, சந்து உள்ள இடத்தில் மட்டும் முழு அழுத்தம். உறைக்கிணற்றின் பாதுகாப்பு இங்கே செல்லாது. சுவர் வளையும், அதன் இரு முனைகளிலும் கத்தரிக்கோல் வெட்டுவது போன்ற விசை, ஷியர், சேரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடலில் நிற்கும்போது தாங்க வேண்டிய அழுத்த வித்தியாசம் இதைவிடக் குறைவு. மேல்தளத்தை ஏற்றுவதற்காக ஃபியோர்டில் ஆழமாக அமுக்கும் சில மணி நேரம்தான் டிரைசெல் சுவர்களின் வாழ்நாளிலேயே மிகக் கடுமையான நேரம். இயந்திர வடிவமைப்பிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும். ஓடும்போது தாங்கும் பாகம், ஃபிட்டிங்கின்போதோ கிரேனில் தூக்கும்போதோ நீரை அழுத்தி நிரப்பிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட்டின்போதோ போய்விடும்.

அஞ்சல் உறையின் பின்பக்கத்தில் போடும் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சுவர் உடைந்தபோது அதன் மேல் இருந்த நீர்மட்ட வித்தியாசம் சுமார் 65 மீட்டர். கடல்நீர் ஒரு கனமீட்டர் 1.025 டன். ஆக ஒரு சதுர மீட்டர் சுவரில் ஏறத்தாழ 67 டன் தள்ளுகிறது. சுவரின் இடைவெளி நீளம் சுமார் 4.4 மீட்டர். ஒரு மீட்டர் உயரமுள்ள பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் மேல் 67 × 4.4, அதாவது 295 டன். இரண்டு முனைகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு முனைக்கு 147 டன்.

இதில் ஊகம் எதுவும் இல்லை. காங்கிரீட்டின் தரம் எதுவானாலும், கம்பி எப்படிப் போட்டிருந்தாலும், விரிசல் விட்டிருந்தாலும் விடாவிட்டாலும் இந்த 147 மாறாது. தள்ளும் நீரை முனைகள்தான் தாங்கியாக வேண்டும். வேறு ஆள் கிடையாது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் போடுகிற பீம் கணக்கு இது.

சுவரின் தடிமன் சுமார் 55 சென்டிமீட்டர். 147 டன்னை ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் சொச்சம் பரப்பில் பரப்பினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 27 கிலோ. ஷியருக்கென்று குறுக்குக் கம்பி போடாத காங்கிரீட்டிடம் இதைக் கேட்பது அநியாயம். அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் இந்த எண்ணைப் பார்த்ததுமே கம்பி எங்கே, சுவர் ஏன் இவ்வளவு மெலிசு என்று கேட்டிருப்பார்.

ஆனால் வடிவமைப்பாளர்கள் கையில் இருந்தது இந்த எண் அல்ல. கணினியிலிருந்து வந்தது, உண்மையைவிட 47 சதவீதம் குறைவு. என் பட்டைக் கணக்கில் வைத்துச் சொன்னால், 147 டன் வர வேண்டிய இடத்தில் 78 டன்.

கணினி எங்கே தடுமாறியது

பகுப்பாய்வு செய்தது நாஸ்ட்ரான். அறுபதுகளில் நாசாவுக்காக உருவாகி, விமானம், கார், ராக்கெட் என்று எல்லாவற்றுக்கும் உழைத்த மென்பொருள். இன்றும் பல டிசைன் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாஸ்ட்ரானில் பிழை இருந்தது என்று விசாரணையில் யாரும் சொல்லவில்லை. கொடுத்த சமன்பாடுகளை அது சரியாகவே தீர்த்தது.

ஃபைனைட் எலிமெண்ட் முறை அடிப்படையில் ஒரு பேரம். முழு உடலின் நடத்தையையும் கணக்கிட முடியாது. ஆகவே அதைச் சிறு சிறு துண்டுகளாக, எலிமெண்ட்களாக, வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டும் இப்படித்தான் உருமாறும் என்று எளிய வடிவம் ஒன்றை முன்கூட்டியே விதித்துவிடுகிறோம். துண்டுகள் சேரும் புள்ளிகளான நோட்கள் எவ்வளவு நகரும் என்பதைக் கணினி கண்டுபிடிக்கிறது. நேரடியாகக் கிடைப்பது அந்த நகர்வு மட்டுமே. தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், அந்த நகர்விலிருந்து வகைக்கெழு எடுத்துப் பெறுவது. நகர்வில் ஒன்றிரண்டு சதவீதம் பிசகினாலும் தகைவில் அது பெருகும். எலிமெண்ட் பெரிதாகவோ கோணலாகவோ இருந்தால் இன்னும் பெருகும். அதிலும் ஓரங்களில் மிக மோசம்.

ஸ்லைப்னரின் டிரைசெல் பகுதியில் மெஷ் பெரிது பெரிதாக இருந்தது. மூலைக்கு மூலை பொருத்துவதற்காக எலிமெண்ட்கள் கோணலாக இழுக்கப்பட்டிருந்தன. இவ்வளவு பெரிய கட்டமைப்பு முழுவதையும் ஒரே மாடலில் அன்றைய கணினியில் ஏற்ற வேண்டுமென்றால் எங்கேயாவது சிக்கனம் பிடிக்கத்தான் வேண்டும். தப்பான இடத்தில் பிடித்துவிட்டார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சூட்டில் கொதிக்கும்போது சரி. அடிப்பிடித்த சோறு நடுவிலிருந்து எடுத்த பருக்கையில் தெரியாது. ஷியர் அப்படிப்பட்ட சரக்கு. சுவரின் நடுவில் பூஜ்யம், முனைக்குப் போகப் போக ஏறி, கடைசி அங்குலத்தில் உச்சம். மென்பொருளோ தகைவை எலிமெண்ட்டின் உள்ளே இருக்கும் புள்ளிகளில்தான் நன்றாகக் கணக்கிடும். அங்கிருந்து ஓரத்துக்கு நீட்டிப் பார்க்க வேண்டும். எலிமெண்ட் கோணலாக இருந்து உள் எண்களே பிசகியிருந்தால், நீட்டிய கோடு உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் தணிந்துபோய்விடும்.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த விஷயம்தான். ஃபைனைட் எலிமெண்ட் முறையில் நோட்களில் கிடைக்கும் விசைகள் எப்போதும் சமநிலையில் இருக்கும். மெஷ் எவ்வளவு மட்டமாக இருந்தாலும், கொடுத்த பாரமும் தாங்கும் எதிர்விசையும் கூட்டிப் பார்த்தால் ஒத்துவரும். அது முறையின் கட்டுமானத்திலேயே இருக்கிற குணம். ஆகவே "ரியாக்ஷன் கூட்டிப் பார்த்தாயா?" என்று நாம் புதிதாக வரும் பொறியாளர்களிடம் கேட்கும் வழக்கமான கேள்வியில் ஸ்லைப்னர் மாடல் தேறியிருக்கும். தேறாமல் போகிற இடம் வேறு: சுவரின் முனையில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, அங்கே மென்பொருள் சொல்லும் தகைவுகளை எல்லாம் கூட்டி, அந்த வெட்டு தாங்க வேண்டிய பாரத்தோடு ஒப்பிடுவது. 78-க்கு எதிரே 147 வந்து நின்றிருக்கும். சரியான விசை ஒருவகையில் கணினிக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுத்த எண்தான் தப்பு.

கம்பி

பழியை மாடல் மேல் மட்டும் போட்டுவிட்டால் கதை முடிவதில்லை. விசாரணை நடத்திய சின்டெஃப் ஆய்வு நிறுவனம் இரண்டு காரணங்களைச் சேர்த்தே சொன்னது: பகுப்பாய்வில் கடுமையான பிழை, முக்கியமான இடத்தில் கம்பிக்குப் போதுமான பிடிமானம் இல்லாதது. டிரைசெல் மூலைகளில், முனையில் அகன்ற தலை வைத்த நேர்க்கம்பிகளைப் போட்டிருந்தார்கள். அந்தத் தலை சுவரின் மறுபக்கம் வரை போய் நெருக்குப் பகுதியைப் பிடித்திருந்தால், கணக்குப் பிசகினாலும் சுவர் கொஞ்சம் நின்று சமாளித்திருக்கலாம். அது நடுவழியிலேயே முடிந்துவிட்டது. விரிசல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

பிழையான எண் வரைபட மேசைக்கு வந்தபோது டீட்டெய்லிங் செய்தவர் அதை நம்பித்தான் கம்பியின் நீளத்தை முடிவு செய்தார். 78 டன்னுக்கு அது போதும் என்றே தோன்றியிருக்கும். ஒரு பிழை இன்னொரு பிழைக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது.

விபத்துக்குப் பிறகு நுணுக்கமான மெஷ் போட்டு மறுபடி பகுப்பாய்வு செய்தார்கள். இந்த வடிவமைப்பு 62 மீட்டர் நீர்மட்ட வித்தியாசத்தில் உடையும் என்று வந்தது. உடைந்தது 65-இல். அதாவது கணினி முறைக்கு இந்த விபத்தைச் சொல்லும் திறமை முழுக்க இருந்தது. யாராவது அந்த மூலையைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

ஏன் யாரும் கேட்கவில்லை

இனி வருவது என் அபிப்பிராயம். பல காண்டீப்கள் வெற்றிகரமாக நின்றுவிட்டன. வெற்றி பெற்ற வடிவமைப்பை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து சந்தேகிக்க எந்த அலுவலகத்திலும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். அடுத்தது வேலைப் பிரிவினை. மாடல் போடுகிறவர் ஒருவர், முடிவை எடுத்துக் கம்பி கணக்கிடுகிறவர் வேறொருவர் என்று ஆகும்போது, நடுவில் ஓடுவது எண்கள் நிரம்பிய பட்டியல் மட்டுமே. பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு முகம் கிடையாது. அது எந்த எலிமெண்ட்டிலிருந்து வந்தது, அந்த எலிமெண்ட் எவ்வளவு கோணல் என்பது பட்டியலில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

இன்று பட்டியலுக்குப் பதில் வண்ணப்படம். நிலைமை மேம்பட்டதா என்றால், எனக்குச் சந்தேகம்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பம்பின் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டை நானே பகுப்பாய்வு செய்தேன். அவசரம், தானியங்கி மெஷ், நான்கு நோட் டெட்ரா (நான்முகி வடிவ) எலிமெண்ட், படம் முழுக்கப் பச்சை, அதாவது ஆபத்தில்லை. மீட்டிங்கில் எல்லோருக்கும் திருப்தி. பாகம் சோதனை மேடையில் வலுவுக்காக வைக்கும் விலாத் தகடு சேரும் மூலையில் விரிசல் விட்டுத் திரும்பி வந்தது. நான்கு நோட் டெட்ரா தேவைக்கு மேல் விறைப்பாக நடந்துகொள்ளும், வளைவில் தகைவைக் குறைத்துக் காட்டும் என்பது பாடத்தில் படித்ததுதான். பத்து நோட்டுக்கு மாற்றி, மூலையில் மெஷ்ஷைப் பொடியாக்கிப் போட்டதும் அதே இடம் சிவந்தது. அன்றைக்கு என்னிடம் யாராவது அந்த விலாவை ஒரு நெம்புகோலாக நினைத்துக் கையால் ஒரு வரி போடச் சொல்லியிருந்தால் பச்சையை நான் நம்பியிருக்க மாட்டேன்.

அதற்காக மெஷ்ஷை எல்லா இடத்திலும் பொடியாக்கினால் போதும் என்றும் இல்லை. கூரான உள்மூலை ஒன்றில் மெஷ் பொடியாகப் பொடியாகத் தகைவு ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. கணிதப்படி அங்கே உச்சம் முடிவிலி. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து தடிமனைக் கூட்டிய டிசைன்களையும் பார்த்திருக்கிறேன். குறைத்துக் காட்டும் மாடல் ஆளைக் கவிழ்க்கும். கூட்டிக் காட்டும் மாடல் பட்ஜெட்டைக் கவிழ்க்கும். இரண்டையும் பிரித்தறிய, மெஷ்ஷை இரண்டு மூன்று நிலைகளில் மாற்றி எண் எங்கே போய் நிலைக்கிறது என்று பார்ப்பது பழைய வைத்தியம். இதற்கெல்லாம் நெறிமுறை எழுதவே பிரிட்டனில் நாஃபெம்ஸ் அமைப்பு 1983-லேயே தொடங்கப்பட்டிருந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. திட இயக்கவியல் மாடல்களைச் சரிபார்க்கும் வழிகாட்டியை 2006-இல் வெளியிட்டது. சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா, சரியான சமன்பாட்டைத்தான் தீர்த்தோமா என்ற இரண்டு கேள்விகளையும் அது தனித்தனியாக வைக்கிறது. ஸ்லைப்னர் முதல் கேள்வியில் தோற்றது. சமன்பாடு சரி; பாரத்துக்கு ஏற்ற அளவில் உருமாறி, பாரம் போனால் பழைய நிலைக்குத் திரும்பும் என்ற நேரியல் மீள்தன்மைக் கணக்கு போதுமானதாகவே இருந்தது. அதைத் தோராயப்படுத்திய விதம்தான் கவிழ்த்தது.

இரண்டாவது மேடை

மூழ்கியது போக, எரிவாயு கொடுக்க வேண்டிய ஒப்பந்தம் அப்படியே இருந்தது. மேல்தளம் இன்னும் ஏற்றப்படாததால் தப்பித்திருந்தது. அதற்கு அடியில் வைக்கப் புதிய அடித்தளம் வேண்டும், அதுவும் சீக்கிரம். கணினிப் பகுப்பாய்வை முழுக்கச் சரி செய்து, மாடலை மறுபடி கட்டி, முடிவுக்காகக் காத்திருந்தால் காலம் போய்விடும். ஆகவே ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கு முறைகளை வைத்தே வடிவமைப்பைத் தொடங்கினார்கள். புதிய கணினி முடிவுகள் கைக்கு வந்து சேர்ந்தபோது முழுக் கட்டமைப்பும் வடிவமைக்கப்பட்டு, பெரும்பகுதி கட்டியும் ஆகியிருந்தது.

1993 ஏப்ரல் இறுதியில் புதிய அடித்தளத்தின் மேல் தளம் உட்கார்ந்தது. முதல் அடித்தளம் உயிரை விட்ட அதே சடங்கு; இந்த முறை சுவர்கள் தாங்கின. அந்த வருடமே உற்பத்தி தொடங்கியது. 1996 முதல் ஸ்லைப்னர் களத்தில் எரிவாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் டன் அளவில் கடலடிக்குக் கீழே மணற்பாறைக்குள் செலுத்தவும் ஆரம்பித்தார்கள்.

நார்வேயின் பழங்கதையில் ஸ்லைப்னர் என்பது ஓடின் கடவுளின் எட்டுக்கால் குதிரை. மேடைக்கு நான்கு கால்தான். மற்ற நான்கு காண்ட்ஸ்ஃபியோர்டின் அடியில் கிடக்கின்றன.